நிலக்காட்சிப் புகைப்படங்களுக்கு முதன்முறை நடுவராக அமர்பவர்களுக்கு: தொழில்நுட்பத் தரத்தையும் கலைப்பார்வையையும் மதிப்பிடும் முறை

ஒரு நிலக்காட்சிப் புகைப்படப் போட்டிக்கு நடுவராக இருக்க முதன்முறை அழைத்தபோது, பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறோமே, மதிப்பிடுவதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று எண்ணி உடனே ஒப்புக்கொண்டேன். முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஒரே இரவில், மடிக்கணினித் திரையில், ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கூர்மையைச் சோதித்து மதிப்பெண் போட்டு முடித்தேன். பனிமூட்டத்தில் மரங்கள் கரைந்து நிற்கும் ஒரு படத்தைக் கூர்மை இல்லை என்று முதல் சுற்றிலேயே தள்ளினேன். அந்தக் கரைதல்தான் படமே என்பது பல வாரங்களுக்குப் பிறகே எனக்கு உறைத்தது. செக்கச்சிவந்த அந்தி வானம் கொண்ட ஒரு படத்துக்கு மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்தேன். ரா கோப்பு (கேமரா பதிவு செய்தபடியே உள்ள, செப்பனிடாத மூலக் கோப்பு) வந்து சேர்ந்தபோது, அந்த வானம் வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்று தெரிந்தது. பங்கேற்ற ஒருவர் தம் படம் ஏன் தேறவில்லை என்று பணிவாகக் கேட்டபோது, ஓர் எண்ணைத் தவிர அவரிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

இவை மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். படம் எடுத்தவர் எதைக் காட்ட முனைந்தார் என்று பார்ப்பதற்கு முன்பே, எவ்வளவு பிழையின்றி எடுத்தார் என்று அளக்கத் தொடங்கிவிட்டேன். தொழில்நுட்பத் தரம் என்பது தனியாக நிற்கும் ஒரு தகுதி அன்று. ஒரு பார்வைக்கு அது துணை செய்கிறதா, குறுக்கே நிற்கிறதா என்பதை வைத்தே அதற்கு மதிப்பு. அதன் பிறகு அமர்ந்த ஒவ்வொரு போட்டியிலும் நான் கடைப்பிடித்து வரும் வரிசையைக் கீழே தருகிறேன். உங்கள் சொந்தப் படங்களிலிருந்து போட்டிக்கு அனுப்ப வேண்டியவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதே வரிசை பயன்படும்.

1. ஒப்புக்கொள்ளும் முன் கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

முதலில் போட்டி விதிகளின் முழுப் பிரதியைக் கேளுங்கள். சுருக்கமான அறிவிப்புத்தாள் போதாது. அதில் நீங்கள் தேடவேண்டியது, எந்தப் பிரிவில் எவ்வளவு மாற்றம் அனுமதிக்கப்பட்டுள்ளது என்ற பகுதி. பல எக்ஸ்போஷர்களை (தனித்தனியாக எடுத்த பதிவுகளை) இணைத்தல், ஃபோகஸ் அடுக்குதல் (வெவ்வேறு தொலைவில் ஃபோகஸ் செய்த படங்களை ஒன்றாக்குதல்), பனோரமா (பக்கம் பக்கமாக எடுத்த படங்களை ஒட்டி அகலமாக்குதல்), வானத்தை மாற்றுதல், பொருள்களை நீக்குதல், செயற்கை நுண்ணறிவால் நிரப்புதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற தெளிவான பதில் விதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலை எல்லா நடுவர்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இயற்கைப் பிரிவுக்குச் சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான எஃப்ஐஏபி, போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா எனப்படும் பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகியவை ஒரு பொது வரையறையை ஏற்றுள்ளன. அதன்படி நிலக்காட்சி இயற்கைப் பிரிவில் இடம்பெறலாம். ஆனால் படத்தில் ஒன்றைச் சேர்ப்பதும், இடம் மாற்றுவதும், வேறொன்றால் மாற்றுவதும், ஓரத்தை வெட்டுவதன் மூலமன்றி நீக்குவதும் கூடாது. அதே படம் திறந்த பிரிவில் வந்தால் இந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தாமல் போகலாம். ஆகவே பிரிவு எது என்று தெரியாமல் ஒரு படத்தை மோசடி என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவதாக, மதிப்பெண் தாளின் மாதிரி. மூன்றாவதாக, இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் ரா கோப்புகளை யார், எந்தத் தேதிக்குள் பெற்றுத் தருவார்கள் என்ற உறுதி. நான்காவதாக, தெரிந்தவர்களின் படங்களை மதிப்பிட மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்திடும் ஓர் உறுதிமொழி. ஏற்பாட்டாளர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் பெயரை மறைத்து அனுப்பினாலும் நண்பரின் படத்தை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். பங்கேற்பவர்களின் படங்களை ஏற்பாட்டாளர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற உரிமைப் பகுதியையும் படித்துவிடுங்கள். எல்லாப் படங்களின் வணிக உரிமையையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் போட்டிக்கு உங்கள் பெயரைத் தருவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

2. திரையும் அறையும்: செய்தே ஆகவேண்டிய செலவு

நடுவர் பணியில் உங்கள் கையிலிருந்து போகும் ஒரே பெரிய செலவு, திரையின் நிறத்தைச் சரிசெய்யும் அளவுக் கருவிதான். வாங்க இயலாவிட்டால் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால், சரிசெய்யப்பட்ட திரை உள்ள இடத்தில் அமர அனுமதி கேளுங்கள். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்பது வழக்கமான இலக்கு. பெரும்பாலான திரைகள் கடையிலிருந்து வரும்போது இதைவிட மிகப் பிரகாசமாக இருக்கும். அப்படிப்பட்ட திரையில் சரியான படங்கள் வெளிறியும், இருண்ட படங்கள் சரியானவையாகவும் தோன்றும். திரையைப் போட்டு அரைமணி நேரம் கழித்தே அளவெடுங்கள்; அறை விளக்கு மங்கலாகவும், நிறம் மாறாமலும் இருக்கட்டும்; திரையின் பின்னணி நடுச் சாம்பலாக இருக்கட்டும்.

அச்சுப் படங்களாக இருந்தால் 5000 கெல்வின் விளக்கு வேண்டும். மஞ்சள் குமிழ் விளக்கின் கீழ் ஒரு பனிவெளியின் நிறத்தை மதிப்பிட இயலாது. அச்சுகளைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் பெற்றுவிடுங்கள். இது பேசப்படாமல் விடப்பட்டு, கடைசியில் நடுவர் தலையில் விழுந்ததை ஒருமுறை நானே அனுபவித்திருக்கிறேன்.

3. நேரத்தைக் கணக்கிடுங்கள்

300 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ஒரு படத்துக்கு 10 நொடி என்றால் 50 நிமிடம். அதில் தேறிய 75 படங்களுக்கு இரண்டாம் சுற்றில் 2 நிமிடம் வீதம் 150 நிமிடம். இறுதிச் சுற்றில் 20 படங்களுக்கு 5 நிமிடம் வீதம் 100 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம். இதில் குறிப்பு எழுதும் நேரம் சேரவில்லை. இதை ஒரே நாளில் செய்யாதீர்கள், மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றைப் பாருங்கள். களைத்த கண் நிறச்செறிவு மிகுந்த படங்களின் பக்கமே சாயும். மெல்லிய சாம்பல் நிறங்களில் அமைந்த படங்கள் அந்த நேரத்தில்தான் பலியாகின்றன. இரண்டாம் சுற்றைத் தொடங்கும்போது படங்களின் வரிசையைக் கலைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் சுற்றில் கடைசியில் வந்த படங்கள் இரண்டாவது முறையும் களைத்த கண்ணிடமே போய்ச் சேரும்.

4. முதல் சுற்று: பெரிதாக்காதீர்கள்

மதிப்பெண் போடுவதற்கு முன், எல்லாப் படங்களையும் ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். இந்தப் போட்டியின் பொதுத்தரம் என்ன என்பது அப்போதுதான் தெரியும். முதல் 20 படங்களுக்குக் கண்டிப்பாகவும் பின்னால் வருபவற்றுக்குத் தாராளமாகவும் நடந்துகொள்வது எல்லாப் புதிய நடுவர்களும் விழும் குழி.

பிறகு முதல் சுற்று. படம் திரை முழுவதும் தெரியட்டும், ஆனால் அதற்குமேல் ஒரு படி கூடப் பெரிதாக்காதீர்கள். தலைப்பு இருந்தால் அதை மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் முன்பும் மனத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும்: இந்தப் படம் எதைப் பற்றியது? பதிலை நான்கைந்து சொற்களில் எழுத முயலுங்கள். 'மலை, ஏரி, சூரிய உதயம்' என்பது பதிலாகாது, அது பொருள்களின் பட்டியல். 'காற்று ஓய்ந்த கணம்', 'மலையைவிட அதன் நிழல் பெரிது', 'மனிதர் விட்டுச்சென்ற வேலியைப் புல் விழுங்குகிறது' போன்றவை பதில்கள். இப்படி ஒரு வாக்கியம் தானாக வந்தால் படத்துக்குள் ஒரு பார்வை இருக்கிறது என்று பொருள். அதை மதிப்பெண் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பின்னால் தொழில்நுட்பத்தைச் சோதிக்கும்போது நீங்கள் உரசிப் பார்க்கவேண்டிய கல் அந்த வாக்கியம்தான்.

சில படங்கள் 10 நொடியில் பேசாது. சந்தேகம் வந்தால் தள்ளாமல் அடுத்த சுற்றுக்கு விடுங்கள். முதல் சுற்றில் ஒரு நல்ல படத்தை இழப்பதைவிட, சுமாரான பத்துப் படங்களை இரண்டாம் முறை பார்ப்பது மேல்.

5. தொழில்நுட்பத் தரம்

இப்போது பெரிதாக்கலாம், ஆனால் எவ்வளவு என்பதை அறிந்து பெரிதாக்குங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் அதை 100 சதவீதத்தில் பார்த்தால், ஒரே நேரத்தில் படத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறீர்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் அந்தப் படம் 20 அங்குல அகலத்துக்கு வரும்; அதை ஒருவர் ஓரடித் தொலைவில் நின்று துருவிப் பார்க்கப்போவதில்லை. எனவே 50 சதவீதத்தில் தெரியாத ஒரு குறையை 100 சதவீதத்தில் தேடிக் கண்டுபிடித்து மதிப்பெண் குறைப்பது நியாயமன்று.

கூர்மையில் நீங்கள் பார்க்கவேண்டியது, எல்லாம் கூர்மையாக இருக்கிறதா என்பதை அன்று; கூர்மையாக இருக்கவேண்டியது கூர்மையாக இருக்கிறதா என்பதை. முன்புலத்தில் ஒரு பாறையை வைத்துத் தொலைவில் மலையைக் காட்டும் படத்தில் இரண்டும் தெளிவாக இருக்கவேண்டும் என்று பார்ப்பவரின் கண் எதிர்பார்க்கும். முழுச் சட்ட சென்சாரில் (36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ளது) 24 மில்லிமீட்டர் லென்ஸும் எஃப் 11 துளையும் இருந்தால், ஏறத்தாழ 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தாலே 0.9 மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைத்துவிடும். அவ்வளவு எளிதாகக் கிடைப்பது கிடைக்கவில்லையென்றால் கவனக்குறைவு என்று கொள்ளலாம். மாறாக, எல்லாவற்றையும் தெளிவாக்கும் ஆசையில் எஃப் 22 வரை துளையைச் சுருக்கியவர்களின் படம் முழுவதும் ஒரு மெல்லிய மசமசப்பு படர்ந்திருக்கும். இது சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் வரும் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்). எஃப் 8இல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் சுமார் 11 மைக்ரான் வட்டமாக விழும். எஃப் 22இல் அது சுமார் 30 மைக்ரான் ஆகிவிடும். 24 மெகாபிக்சல் முழுச் சட்ட சென்சாரின் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். இதை ஃபோகஸ் பிழை என்று தவறாக எழுதிவிடாதீர்கள்: ஃபோகஸ் பிழையில் எங்காவது ஓரிடம் கூர்மையாக இருக்கும், இதில் எங்கும் இராது. முக்காலி அசைந்திருந்தால் கிளைகளும் நட்சத்திரங்களும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். காற்றில் அசைந்த புல் மட்டும் மங்கியிருந்து பாறை தெளிவாக இருந்தால் அது குறையாகவே இல்லாமல் போகலாம். நீங்கள் எழுதி வைத்த வாக்கியத்தைப் பாருங்கள், அது காற்றைப் பற்றியதாக இருக்கலாம்.

வெளிச்சத்தை மதிப்பிட, ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையே இன்றும் எளிய அளவுகோல். முழுக் கருமை 0, முழு வெண்மை 10, நடுச் சாம்பல் 5. நிழல் பகுதியில் இழையமைப்பு தெரியவேண்டிய இடம் 3இலும், வெண்பகுதியில் இழையமைப்பு தெரியவேண்டிய இடம் 7 அல்லது 8இலும் நிற்கிறதா என்று பாருங்கள். சூரிய வட்டம், நீரில் தெறிக்கும் மினுக்கு ஆகியவை வெளிறிப்போவது இயல்பு. ஆனால் பனிச்சரிவோ, அருவியோ, மேகத்தின் வயிறோ வெறும் வெள்ளைக் காகிதமாகியிருந்தால் அது இழப்பு. ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து வெளிச்சம் வரை பிக்சல்கள் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் வரைபடம்) உதவும், ஆனால் அதற்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை. மூடுபனிப் படத்தின் ஹிஸ்டோகிராம் நடுவில் குறுகி நிற்கும், இரவுப் படத்தினுடையது இடப்புறம் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் அந்தக் காட்சியின் உண்மை.

நிறத்தைப் பொறுத்தவரை, புதிய நடுவரை ஏமாற்றுவது நிறச்செறிவு. அதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: படத்தில் உங்களுக்கு நன்கு தெரிந்த நிறம் கொண்ட ஒன்றைத் தேடுங்கள். பாறை, காய்ந்த புல், ஈர மணல் எதுவாகவும் இருக்கலாம். வானத்தின் சிவப்புக்கு யாரும் எல்லை சொல்ல முடியாது, ஆனால் புல் ஒளிரும் பச்சையாகவும் பாறை ஊதாவாகவும் இருந்தால் எங்கே கை அதிகமாகப் போயிருக்கிறது என்பது விளங்கிவிடும். அதேபோல், பனியின் மேல் விழும் நிழல் நீலமாக இருப்பதைப் பிழை என்று குறைக்காதீர்கள். நேரடி வெயில் படாத இடத்துக்கு நீல வானத்தின் ஒளியே வெளிச்சம் தருவதால் அந்த நீலம் உண்மையானது.

பிறகு, படத்தைச் செப்பனிட்டதால் விழுந்த தழும்புகள். மலை விளிம்பை ஒட்டி ஓடும் வெண்கோடு, கூர்மையையோ எச்டிஆரையோ (இருண்ட, வெளிச்சமான பகுதிகள் இரண்டிலும் விவரம் தெரியச் செய்யும் முறை) அளவுமீறித் தொட்டதற்கான அடையாளம். வானத்தில் படிப்படியாகத் தெரியும் நிறப்பட்டைகள், ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ள 8 பிட் கோப்பை அதன் தாங்குதிறனுக்கு மேல் இழுத்ததால் வருபவை. அகலக் கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாக இருந்தால், அது வானத்தின் நீலத்தை ஆழமாக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் முழுவேகத்தில் வேலை செய்ததன் விளைவு. வானத்தில் அங்கங்கே வட்டமான மங்கல் புள்ளிகள் சென்சார் தூசி. இது அழிக்க ஒரு நிமிடம் ஆகும் குறை என்பதால், அழிக்காமல் விட்டிருப்பதை அக்கறையின்மையாகவே நான் கருதுகிறேன். சாய்ந்த அடிவானமும் அப்படித்தான். 6000 பிக்சல் அகலத்தில் 1 பாகை சாய்ந்தால்கூட இரு ஓரங்களுக்கும் இடையே 105 பிக்சல் வித்தியாசம் வரும். கடலும் ஏரியும் உள்ள படத்தில் அது உடனே உறுத்தும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் எண் போடுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூன்றில் ஒரு சொல்லையே எழுதுகிறேன்: 'துணை', 'இடையூறு இல்லை', 'இடையூறு'. பனிமூட்டப் படத்தின் மங்கலுக்கு இன்று நான் எழுதக்கூடிய சொல் 'துணை'.

6. உண்மைத்தன்மையைச் சோதித்தல்

இதை இறுதிச் சுற்றுப் படங்களுக்கு மட்டும், ஆனால் முடிவு அறிவிக்கும் முன்பே செய்யுங்கள். பிரிட்டனின் 'லேண்ட்ஸ்கேப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில் 2012ஆம் ஆண்டு முதற்பரிசு அறிவிக்கப்பட்ட படம், விதி அனுமதித்த அளவைத் தாண்டி மாற்றப்பட்டிருந்ததால் பின்னர் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அறிவிப்புக்குப் பிறகு பரிசைத் திரும்பப் பெறுவது எல்லோருக்கும் வேதனை, படம் எடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

ரா கோப்பைத் திறந்து, போட்டிக்கு வந்த படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மேகங்களின் வடிவமும் நிழல்களின் திசையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ரா கோப்பு மந்தமாகவும் வெளிறியும் இருப்பதைக் கண்டு அதிர்ச்சி அடையாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். வெளிச்சத்தையும் நிறத்தையும் செப்பனிடுவது வேறு, இல்லாததைக் கொண்டுவருவது வேறு.

ரா கோப்பு வருவதற்கு முன்பே ஐயத்தை எழுப்பக்கூடிய சில இயற்பியல் அடையாளங்கள் உண்டு. நிலவு வானில் அரைப் பாகை அகலமே உடையது. சென்சாரில் அதன் விட்டம், லென்ஸின் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு. முழுச் சட்ட சென்சாரில் 24 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தால் நிலவு படத்தின் அகலத்தில் 165இல் ஒரு பங்குதான் வரும்; பத்தில் ஒரு பங்கு வரவேண்டுமென்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸ் தேவை. அகலக் கோணத்தில் விரிந்த பள்ளத்தாக்கின் மேல் பெரிய நிலவு நின்றால், கோப்பில் பதிந்துள்ள குவியத்தூரத்தைப் பாருங்கள். வானவில்லின் மையம் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, அதன் ஆரம் சுமார் 42 பாகை. ஆகவே சூரியனும் வானவில்லும் வழக்கமான ஒரே சட்டகத்துக்குள் வரமுடியாது. இரண்டாம் வில் தெரிந்தால் அதன் நிறவரிசை தலைகீழாக இருக்கவேண்டும். நீரில் தெரியும் பிம்பம், மேலே உள்ள வானத்தைவிடப் பிரகாசமாக இருக்க முடியாது. இருந்தால் பெரும்பாலும் வானத்தை மட்டும் அளவுக்குமீறி இருட்டாக்கியிருப்பார்கள், சிலவேளை வானத்தையே மாற்றியிருப்பார்கள்.

ஐயத்தை நேரடிக் குற்றச்சாட்டாக எழுதாதீர்கள். ஏற்பாட்டாளர் வழியாக, எத்தனை எக்ஸ்போஷர்கள், எந்தெந்த இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று மட்டும் கேளுங்கள். பதில் தர ஒரு வாரமாவது கொடுங்கள். அந்தியில் முன்புலத்தையும், முக்காலியை நகர்த்தாமல் இரவில் வானத்தையும் எடுத்து இணைப்பது சில போட்டிகளில் ஏற்கப்பட்ட முறை.

7. கலைப்பார்வை

இங்கேதான் புதியவர்கள் திணறுகிறார்கள், நானும் திணறினேன். 'அது அவரவர் ரசனை' என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் ரசனை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நடுவர், தமக்குப் பழக்கமான பாணியில் வந்த படங்களுக்கே பரிசு கொடுத்துக்கொண்டிருப்பார். கலைப்பார்வையைத் தராசில் நிறுக்க முடியாது என்பது உண்மை. படத்தில் அது எங்கே இருக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்ட மட்டும் முடியும், முடியவும் வேண்டும்.

முதலில், இடத்தையும் படத்தையும் பிரித்துப் பாருங்கள். ஐஸ்லாந்தின் கிர்க்யுஃபெல் மலையை அதன் அடிவார அருவிக்குப் பக்கத்திலிருந்து எடுத்தால் யாருக்கும் அழகான படம் வரும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள டன்னல் வியூ என்ற காட்சிமுனையும் அப்படியே. உங்கள் மதிப்பெண்ணில் எவ்வளவு அந்த மலைக்குப் போகிறது, எவ்வளவு படம் எடுத்தவருக்குப் போகிறது? இதற்காகப் புகழ்பெற்ற இடங்களின் படங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அதே இடத்தில் நின்று இன்னொருவர் எடுத்திருந்தால் இந்தப் படம் வந்திருக்குமா என்று கேளுங்கள். வந்திருக்காது என்றால், வேறுபடுத்தியது எது? தேர்ந்தெடுத்த வானிலையா, நின்ற உயரமா, மலையின் உச்சியைத் துணிந்து வெட்டியதா? அதற்குப் பெயர் சொல்ல முடிந்தால், பார்வையின் ஓர் இழையைப் பிடித்துவிட்டீர்கள். இதன் மறுபக்கத்தையும் மறக்காதீர்கள். யாரும் நின்று பார்க்காத ஒரு சாலையோரப் புதரையும் சேற்றுக் குட்டையையும் வைத்து ஒருவர் உங்களை நிறுத்தி வைத்துவிட்டார் என்றால், அந்தப் படத்தில் இடத்தின் அழகு செய்த உதவி மிகக் குறைவு.

இரண்டாவதாக, வெளியே விடப்பட்டதைப் பாருங்கள். நிலக்காட்சி எடுப்பவருக்கு முன்னால் எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கும், எனவே அவருடைய முக்கியமான முடிவுகள் விலக்குவதில்தான் வெளிப்படும். வானத்தில் ஒன்றும் நடக்காத நாளில் வானத்தை ஒரு மெல்லிய பட்டையாகக் குறைத்திருக்கிறாரா, அல்லது மூன்றில் ஒரு பங்கு என்ற விதிக்காக வெற்று வானத்தைச் சும்மா வைத்திருக்கிறாரா? ஓரங்களைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். பாதி வெட்டுப்பட்ட கிளை, சட்டகத்துக்குள் தலையை மட்டும் நீட்டும் கல், மூலையில் ஒரு பிரகாசமான துண்டு ஆகியவை இருந்தால், அவர் நடுவை மட்டும் பார்த்தார் என்று அறியலாம்.

மூன்றாவதாக, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மலை மலையாகத் தோன்றாத அந்த நிலையில் ஒளி, இருள், கோடு, எடை ஆகியவை மட்டும் எஞ்சும். அவற்றுக்குள் ஒரு சமநிலையோ, வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட ஒரு குலைவோ இருக்கிறதா என்பது அப்போது தெளிவாகத் தெரியும். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும்.

நான்காவதாக, தொழில்நுட்பத் தேர்வுகள் பார்வையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஓடும் நீரை அரை நொடியில் எடுத்தால் அதன் இழைகள் தெரியும், விசை தெரியும்; 30 நொடியில் எடுத்தால் நீர் புகையாகிவிடும். இரண்டும் சரியே. ஆனால் புயல் கடலின் சீற்றத்தைச் சொல்ல வந்த படத்தில் நீர் புகையாக மிதந்தால், ஷட்டர் ஒன்று சொல்கிறது, மேகங்கள் வேறொன்று சொல்கின்றன. நட்சத்திரங்களைப் புள்ளிகளாகக் காட்ட நினைத்தவர், 20 மில்லிமீட்டர் லென்ஸில் 25 நொடிக்கு மேல் போயிருந்தால் அவை சிறு கோடுகளாகியிருக்கும். கோடுகளைக் காட்ட நினைத்தவர் வேண்டுமென்றே மணிக்கணக்கில் திறந்து வைத்திருப்பார். அரைகுறையாக நிற்கும் தேர்வே பார்வையின்மையைக் காட்டிக்கொடுக்கும்.

கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுத்த படம், மங்கல் படம், ஏறத்தாழ முழுவதும் கருப்பான படம் ஆகியவை வந்தால், உங்களுக்குப் பிடிக்காத பாணி என்பதை ஓரத்தில் நேர்மையாக எழுதிவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் பாருங்கள். நான் இன்னொரு சோதனையையும் வைத்திருக்கிறேன்: இரண்டாம் சுற்று முடிந்த மறுநாள், திரையைத் திறப்பதற்கு முன், நினைவிலிருக்கும் படங்களை ஒரு தாளில் கோடுகளாக வரைந்து பார்ப்பது. வெறும் நிறத்தால் கவர்ந்த படங்கள் பெரும்பாலும் அந்தத் தாளுக்கு வருவதில்லை.

ஒரு பொறியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சில பங்கேற்பாளர்கள் படத்தோடு தாங்கள் பட்ட பாட்டை எழுதி அனுப்புவார்கள்: மூன்று நாள் நடை, உறைபனி, நான்கு முறை வெறுங்கையோடு திரும்பியது. அந்த உழைப்பை நான் மனமார மதிக்கிறேன், ஏனெனில் அது எனக்கும் தெரியும். ஆயினும் அதைப் படத்துக்குள் பார்க்க முடியாவிட்டால் அதற்கு மதிப்பெண் தர இயலாது. அந்தக் குறிப்பை எல்லா மதிப்பெண்களும் முடிந்த பிறகே படியுங்கள்.

8. மதிப்பெண்ணாக மாற்றுதல்

தொழில்நுட்பத்துக்குப் பாதி, கலைக்குப் பாதி என்று கூட்டும் தாள்கள் நிறைய உண்டு. அந்த முறையில் குறையே இல்லாத, சொல்வதற்கும் ஏதுமில்லாத படங்கள் எளிதாக மேலே ஏறிவிடும். தாளை மாற்றும் உரிமை உங்களுக்கு இருந்தால், பார்வைக்கு எண் கொடுங்கள், தொழில்நுட்பத்தை வாசலாக வையுங்கள்: 'இடையூறு' என்று எழுதிய படம் முதல் வரிசைக்கு வராது, 'துணை' என்று எழுதிய படம் சமநிலை ஏற்படும்போது முந்தும். தாளை மாற்ற முடியாவிட்டால், முதலில் உங்கள் வாக்கியங்களையும் சொற்களையும் வைத்துப் படங்களை வரிசைப்படுத்திவிட்டு, பிறகு அந்த வரிசை குலையாதபடி எண்களை இடுங்கள். எண்களின் முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் 10க்கு 6 அல்லது 7 போடும் நடுவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. முடிவை மற்ற நடுவர்களே தீர்மானித்துவிடுவார்கள்.

மற்ற நடுவர்களோடு பேசுவது, எல்லோரும் எண்களை ஒப்படைத்த பிறகு. ஒரு படத்துக்கு ஒருவர் 9, இன்னொருவர் 3 கொடுத்திருந்தால் சராசரியாக்கி முடித்துவிடாதீர்கள். அந்தப் படத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், மேசையில் கிடக்கும் மிகச் சிறந்த படம் பலமுறை அப்படிப்பட்டதாகவே இருந்திருக்கிறது.

9. குறிப்பு எழுதுதலும் கோப்புகளை ஒப்படைத்தலும்

இரண்டாம் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரியாவது எழுதுங்கள். முதல் வரியில் படத்தில் நீங்கள் கண்டது, அதாவது அந்த ஓரத்து வாக்கியம். இரண்டாம் வரியில் அதற்குத் துணையாகவோ இடையூறாகவோ நின்ற ஒன்று. 'ஆற்றின் வளைவு கண்ணை மலைக்கு அழைத்துச் செல்கிறது. வலது ஓரத்தில் உள்ள வெண்பாறை அந்தப் பயணத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறது' என்று எழுதினால், படம் எடுத்தவருக்கு அடுத்த முறை எங்கே நிற்கவேண்டும் என்று தெரியும். 'காட்சியமைப்பு சுமார்' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. 75 படங்களுக்கு இதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதைச் சுற்றுகளின்போதே எழுதிக்கொண்டு வந்தால் பளு தெரியாது.

குறிப்புகளை ஒப்படைக்கும் தேதியை முடிவு அறிவிப்புக்கு முன்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் தாளின் ஒரு பிரதியை, முறையீட்டுக்கு விதியில் கொடுக்கப்பட்ட காலக்கெடு முடியும்வரை உங்களிடம் வைத்திருங்கள். ரா கோப்புகள் படம் எடுத்தவரின் சொத்து. காலக்கெடு முடிந்த அன்றே அவற்றைக் கணினியிலிருந்தும், பிரதி எடுத்து வைத்த வட்டிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்துவிட்டதை ஏற்பாட்டாளருக்கு ஒரு வரியில் எழுதித் தெரிவியுங்கள்.